கட்டையும் சட்டமும்

நங்கநல்லூருக்கும் பம்மலுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். இறங்கிக் கொஞ்சம் உள்ளே போனால் பம்மல். அந்த ஊரைப் பெயரில் சுமந்த சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. பின்னாளில் சட்டம் படித்து நீதிபதியானவர். நாடகக்காரன் என்றால் கூத்தாடி என்று ஊர் முகம் சுளித்த காலத்தில், படித்தவர்களும் உத்தியோகம் பார்ப்பவர்களும் காசு வாங்காமல் வேடம் கட்டலாம் என்று காட்டியது அந்தச் சபை. 1911இல் அது கடல் கடந்து இலங்கைக்கும் போய் நாடகம் போட்டது. அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபை வழியாக அந்த வழக்கத்தை வளர்த்தார். 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்று நூலும் எழுதினார். இதை வைத்து, பிழைப்புக்காக அல்லாமல் ஆடுவதை இலங்கைக்கு நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மட்டக்களப்பில் வயல் செய்பவர்களும் வலை வீசுபவர்களும் எந்தச் சபையும் இல்லாமலேயே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். பழையதை யார் சுமப்பது என்ற கேள்விக்கு இரண்டு கரைகளிலும் இரண்டு விடைகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் அது தேர்ந்த சிலரின் தொழில். அந்தப் பக்கத்தில் ஊரின் வேலை. பழங்கதை உயிரோடு இருப்பதற்கு இரண்டாவதுதான் உறுதியான வழி என்பது என் கட்சி. முதலாவதைக் குறைத்துச் சொல்லாமலே இதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் நம் பக்கம். காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார், இரவில் கூத்து. புத்தகம் பகலுக்கு, ஆட்டம் இரவுக்கு. அருச்சுனன் தபசு அன்று வேடக்காரர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஓர் ஆள் அவன் மார்பில் ஏறி நடக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய உருவம். வீமன் தொடையில் அடிப்பான், உள்ளே வைத்த சிவப்பு நீர் பீறும், திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடிவாள். அந்தி சாய்ந்ததும் தீமிதி. நூல், மண்சிற்பம், நாடகம் மூன்றும் ஒரே திடலில் ஒன்றையொன்று தாங்கி நிற்கிற இப்படியொரு ஏற்பாடு உலகத்தில் வேறெங்கும் அதிகம் இருக்காது. ஆனால் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் அல்ல. ஊர் வரி வசூலித்து, முன்பணம் கொடுத்து ஒரு ஜமாவை, அதாவது தொழில்முறைக் கூத்துக் குழுவை, அழைக்கிறது. ராஜ வேடத்துக்குரிய கிரீடம், புஜம், மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் கண்ணாடிச் சில்லும் வண்ணமும் பதித்துச் செய்தவை. இவற்றுக்குக் கட்டை என்று பெயர். அந்தக் கட்டை ஜமாவின் பெட்டியில் வரும், ஜமாவின் பெட்டியிலேயே திரும்பிப் போகும். ஊர் விடிய விடியப் பார்க்கும், அழும், சாமி ஆடும். ஆனால் பாட்டு ஊரின் வாயில் தங்காது.

மட்டக்களப்பில் கூத்துப் போடுவது என்று ஊர் முடிவு செய்தால் நாடகம் வெளியிலிருந்து வராது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் வருவார். நல்ல நாள் பார்த்து ஊர் ஆண்களுக்கு உடல்வாகும் குரலும் பார்த்துப் பாகம் பிரித்துக் கொடுப்பார். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். நமக்குச் சட்டம் என்றால் நீதிமன்றம், வக்கீல். அங்கே ஒருவன் பாடி ஆட வேண்டிய அவனுடைய பங்கு எழுதிய ஏடு. பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம். தாளக்கட்டைக் காலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் பிசகாமல் பாட வேண்டும். ஒருவன் பாடும்போது மற்றவர்கள் பிற்பாட்டுப் பாட வேண்டும். ஆட்டம் ஓரளவு படிந்ததும் சதங்கை அணி விழா. அதன் பிறகு கிழமைக் கூத்து, முழுசாக ஒருமுறை அடுக்குப் பார்த்தல், கடைசியில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் அரங்கேற்றம். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணிகள். வடமோடியில் அரசனுக்குக் கனத்த முடியும், விரிந்து நிற்கும் கரப்புடுப்பும். தென்மோடியில் உடுப்பு இலகு, ஆட்டத்தில் நுணுக்கம் கூடுதல். அரங்கேற்றத்தோடும் முடிந்துவிடாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். மறுநாள் வயலில் நிற்கிற ஆள்தான் நேற்றைய கர்ணன் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த கூத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள். பழைய கர்ணன் களரிக்கு வெளியே உட்கார்ந்து, புதியவன் எந்த வரியில் தாளம் தப்பினான் என்று சொல்வான்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பார்த்த கதை நினைவில் நிற்கும், பாடமாக்கிய கதை உடம்பில் நிற்கும் என்பார்கள். அதைவிட எண்ணிக்கையைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பத்து இருபது ஆண்டுகளில் ஓர் ஊர் சில கூத்துகளைப் போட்டிருந்தால், அந்த ஊரில் தாளக்கட்டு தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் நல்ல கலைஞர்களாக இருக்க வேண்டியதில்லை. திருத்தத் தெரிந்த காதுகள் அத்தனை இருப்பதே போதும். கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழாவைப் பாருங்கள். கதை நம் தொண்டை நாட்டுப் பாரதம்தான், முடிவும் தீமிதிப்புத்தான். ஆனால் அங்கே வனவாசம் போகிற பாண்டவர்கள் பணம் கொடுத்து அழைத்த ஜமா அல்ல, நோன்பிருக்கிற பக்தர்கள். ஒரே காவியம் ஓரிடத்தில் ஊருக்குக் காட்டப்படுகிறது, இன்னோரிடத்தில் ஊரால் நடக்கப்படுகிறது.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. தொழில்முறை ஜமாவின் ஆழம் ஊர்க்காரர்களுக்கு வருமா? புரிசைக் கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த அடவும் குரலும் ஓய்வு நேர ஆட்டக்காரருக்கு வராது. இரவுக்கு ஒரு கதை என்று தொடர்ந்து ஆட, அதுவே வாழ்க்கையாக இருக்க வேண்டும். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நவீன நாடகத்துக்கு உரம் தேடிப் போனது புரிசைக்குத்தான் என்பதும் இந்த ஆழத்துக்குச் சாட்சி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆழம் வேறு, உயிர் தங்குவது வேறு. ஒரு வழியினரின் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டால் அந்த ஆழம் ஒரே தலைமுறையில் வற்றும். இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்தவர் தமிழ்நாட்டுக் கூத்துக்குள்ளிருந்தே வந்தவர்தான். பரம்பரைக் கூத்துக் கலைஞரான பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தத் தொடங்கினார்கள். பள்ளிப்படிப்போடு கூத்தும், பையன்களோடு பெண்களும். ஆண்களே திரௌபதியாக வேடமிட்ட கலையில் பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ராஜ வேடம் போட்டார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. சுமப்பவர்களின் வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று இங்கேயும் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு இங்கே ஒரு நிறுவனம் வேண்டியிருந்தது, மட்டக்களப்பில் ஊர் என்ற ஏற்பாடே போதுமாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு இலங்கையிலிருந்தே வருகிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்' 1962, 'நொண்டி நாடகம்' 1963, 'இராவணேசன்' 1964, 'வாலிவதை' 1967. விடிய விடிய ஆடியதை ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கினார், ஆட்டத்தை ஒழுங்கு செய்தார், படித்த மாணவர்களை ஆட வைத்தார். 1956இல் சரத்சந்திரவின் 'மனமே' நாடகம் சிங்கள அரங்கைப் புரட்டிப் போட்டிருந்த நேரம் அது. தமிழர்களுக்கும் சொந்த அரங்கு உண்டு என்று காட்டும் வேகம் இதில் இருந்தது. இப்படி நறுக்கியது பழையதைக் காப்பதா, காட்சிக்கு வைப்பதா என்று பின்னர் கேட்டவர்களில் மட்டக்களப்பின் சி. ஜெயசங்கர் முக்கியமானவர். அவரும் அவருடன் இயங்கியவர்களும் சீலாமுனைக் கிராமத்தில் கூத்தைக் களரியிலேயே, ஊர்க்காரர்களோடு பேசிப் பேசி மீளுருவாக்கம் செய்தார்கள். இந்த வழக்கில் என் மனம் சீலாமுனைப் பக்கம் சாய்கிறது. ஆனாலும் பேராதனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அங்கேயும் மாணவர்கள் பார்வையாளர்களாக நிற்கவில்லை, காலில் சதங்கை கட்டினார்கள். அவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பெரிய நூல் எழுதினார். 1969இல் 'சங்காரம்' நாடகத்தில் அதே வடமோடி ஆட்டத்தை உழைப்பாளர் போராட்டத்துக்குப் பயன்படுத்தினார். ஆடத் தெரிந்தவன் எழுதும் ஆராய்ச்சிக்கு ஒரு தனி ருசி உண்டு.

இராவணன் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 32 அடி ஆஞ்சநேயர் ஒற்றைக் கல்லில் நிற்கிற நங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு இராவணனுக்காகப் பேசுவதில் கொஞ்சம் குறும்பு இருக்கத்தான் செய்கிறது, அனுமார் பொறுப்பார். சென்னை சபா மேடையில் ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தை ஆயிரம் தடவைக்கு மேல் நடத்தினார். சீதையை இராவணனின் மகளாகச் சொல்லும் கதை வழக்கை எடுத்துக்கொண்டு, வாசக நாடகத்துக்குத் தந்திரக் காட்சிகளும் பிரம்மாண்ட செட்டும் சேர்த்த வெற்றி அது. வாணி மகாலிலும் பிற சபாக்களிலும் இப்படிப்பட்ட நாடகங்களை வாயைப் பிளந்து பார்த்த ஒரு தலைமுறை இன்றும் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருக்கிறது. ஆனால் மனோகரோடு அந்த இலங்கேஸ்வரனின் பெருங்காலமும் போய்விட்டது. அவரைப்போல முழங்கிக் காட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் அந்த நாடகம் என்றால் மனதில் வருவது மனோகர்தான். 'இராவணேசன்' கதை வேறு. 1964இல் இராவணனாக ஆடிய மௌனகுருவே பல ஆண்டுகளுக்குப் பின் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களுக்கு அதைப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார். இடையில் ஒரு போர் வந்திருந்தது. போர் வேண்டாம் என்று கணவனிடம் வாதாடும் மண்டோதரியின் குரலுக்கு இப்போது வேறு கனம். நடிகனின் புகழில் வாழ்ந்த இராவணன் நடிகனின் நிழலிலேயே நின்றான். பாகமாகக் கைமாறிய இராவணனுக்குப் புது உடம்பு கிடைத்தது.

நூல் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். வித்தியானந்தனே அதையும் செய்தார். 'அலங்கார ரூபன் நாடகம்', மன்னார்க் கத்தோலிக்கக் கூத்து மரபின் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்' என்று ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகளை 1960களில் அச்சேற்றினார். அச்சில் பாட்டு நிற்கும், ஆட்டம் நிற்காது. நூலும் ஒரே இடத்தில் குவிந்தால் அதற்கும் விதி ஒன்றுதான். 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதன் பிறகு 2005இல் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்து நூலையும் இதழையும் சிறுபிரசுரத்தையும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி மின்பிரதியாக்கிப் பரப்பியது. நம் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சேகரத்தை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி இங்கேயே நிறுத்தியதால் பிழைத்தது. கோட்டையூர்க்காரர் மட்டும் இல்லாதிருந்தால் எத்தனை பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்கள் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும் என்று நினைத்தால் நடுக்கம் வருகிறது. ஒற்றை மனிதரை நம்பியிருந்த சேகரம் தப்பியது நம் அதிர்ஷ்டம். நூறு பேரிடம் பிரதியைக் கொடுத்துவைப்பது எரிந்த ஊர் கற்றுக்கொண்ட பாடம். சட்டம் கொடுத்தல் போன்றதுதான் அதுவும்.

மிஞ்சுவது என் கட்சிக்கு எதிரான பலமான வாதம். ஊர் ஆடுகிறது என்றால் ஊரின் மேடுபள்ளமும் சேர்ந்தே ஆடும். ராஜ வேடம் யாருக்கு, சேவகன் யாருக்கு என்பதில் சாதிக்கும் செல்வாக்குக்கும் பேச்சுரிமை இருந்தது. பெண்கள் களரிக்கு வெளியேதான் இருந்தார்கள். ஜமா காசுக்கு ஆடுவதால் அங்கே திறமைக்காவது இடம் உண்டு என்று வாதாடினால் முழுக்க மறுக்க முடியாது. ஆனால் பலருடைய உடம்பில் ஏறிய கலையை மேலே இருப்பவர்களால் பூட்டி வைக்க முடியாது என்பதற்கும் இலங்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதியினர் போராடினார்கள். என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை 1970களில் அம்பலத்தாடிகள் குழுவினர் கூத்தாக்கி ஊர் ஊராக ஆடியது அந்தப் போராட்டத்தின் சூட்டோடுதான். முருகன், நாரதர் என்று எல்லோரும் பழைய பாத்திரங்கள்தான், மெட்டும் ஆட்டமும் பாட்டன் காலத்தவைதான்; இந்த முறை முருகன் நின்றது மட்டும் கோயில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கம்.