நூறு பேருக்கு ஒரு மலை

ஆண்டுதோறும் மகரவிளக்கை ஒட்டிப் போனக்காட்டுக்குக் கூட்டம் வரத் தொடங்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மேலேறி வரும் பாதை இங்கே வனத்துறைச் சோதனைச் சாவடியில் முடிகிறது. அதற்கு அப்பால் அகத்தியர்கூடம், நம்மவர் பொதிகை என்று வணங்கும் மலைத்தொடரின் 1,868 மீட்டர் உயர முடி. சிவராத்திரியை ஒட்டிப் பருவம் முடிந்து வாசல் அடைபடும். ஒன்றரை மாதத்துக்குள் நடந்து முடியும் இந்த மலையேற்றத்தை விழா என்பாரும் உண்டு, விளையாட்டு என்பாரும் உண்டு. காவி வேட்டியோடு வருகிறவரும் கைக்கோலும் முதுகுப்பையுமாக வருகிறவரும் ஒரே வரிசையில் நின்றுதான் அடையாள அட்டையைக் காட்டுகிறார்கள்.

இதை நடத்தும் கேரள வனத்துறையின் முறையில் ஒரு பெரிய நன்மையும் சில கடுமையான குறைகளும் இருக்கின்றன. நன்மை எண்ணிக்கையில் இருக்கிறது, குறைகள் பங்கீட்டில் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால், முறையைப் புகழ்கிறவர்கள் குறைகளை மூடுகிறார்கள். பழிக்கிறவர்கள் வாசலையே அகலத் திறக்கச் சொல்கிறார்கள்.

முதலில் நன்மை. நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு பேர் என்பது நெடுநாளாக இருந்துவரும் வரம்பு. 2019இல் ஜனவரி 14 முதல் மார்ச் 1 வரை மலை திறந்திருந்தது. நூறு வீதம் பெருக்கிப் பார்த்தாலும் ஐயாயிரத்தைத் தொடவில்லை. போனக்காட்டிலிருந்து கரமனையாறு, அட்டையாறு என்று ஓடைகளைக் கடந்து, புல்வெளியும் காடும் மாறி மாறி வரும் பதினான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையில் முதல் நாள் நடந்தால் அதிருமலை முகாம். இரவு அங்கே தங்கி, மறுநாள் பொங்காலப்பாறை வழியாக இன்னும் ஆறு கிலோமீட்டர். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பிளாஸ்டிக், மது, பூசைப் பொருள்கள் எதற்கும் அனுமதி இல்லை. பாதையில் கடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடையின் காட்டுத்தீக்கு முந்திய இடைவெளியைத் தேர்ந்திருப்பதும் அறிவுள்ள ஏற்பாடு.

இந்த வரம்பு ஏன் தேவை என்பதை மலையே சொல்லும். உயிரியலாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முடிகளை வானத்துத் தீவுகள் என்று குறிப்பிடுகிறார்கள். கடலுக்குப் பதில் சுற்றிலும் வெப்பமான தாழ்நிலம். குளிர்ந்த உச்சியில் ஒதுங்கிய உயிர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. துரூரி என்பவரின் பெயரைத் தாங்கிய மஞ்சள் ஆர்க்கிட் வகை இந்த மலைப்பகுதிக்கே உரியது. சேகரிப்பாளர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அருகிப்போனது. 2001இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் சேர்ந்தது. இப்படிப்பட்ட உச்சியில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஏறினால், அடுத்த பருவத்துக்குள் பாதை ஓடையாகிவிடும்.

வரம்பில்லாத விழா என்ன செய்யும் என்பதற்கு எல்லைக்கு இந்தப்பக்கமே சான்று இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில், காரையாற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயில். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று இலட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். முன்பெல்லாம் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். குப்பையும் கழிவும் தாமிரபரணியில் கலப்பதைக் கண்டு வனத்துறை நாள்களைக் குறைத்தது, தனியார் வண்டிகளை மறித்தது, பிளாஸ்டிக்கைத் தடுத்தது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒவ்வொரு ஆண்டும் சச்சரவு. ஒரு விழா பெருகிய பிறகு அதைச் சுருக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது பாடம். பெருகுவதற்கு முன்பே எல்லை கட்டியதில் போனக்காடு முந்திக்கொண்டது. அந்த அளவில் கேரள வனத்துறைக்குப் பாராட்டு உரியது.

ஆனால் சொரிமுத்து ஐயனாரிடம் ஏழையும் போகலாம். அகத்தியர்கூடத்துக்கு அப்படிப் போக முடியாது, இதுதான் முதல் குறை. முன்பதிவு இணையத்தில் திறந்ததும் இடங்கள் பறந்துவிடுகின்றன. வேகமான இணைப்பும் விரலும் உள்ளவருக்கே வாய்ப்பு அதிகம். கட்டணமும் ஆண்டுக்காண்டு ஏறி இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்குமேல் உடல்தகுதிக்கு மருத்துவச் சான்று. நகரத்துக் கணினி ஊழியருக்கு இது வார இறுதிச் செலவு. பாபநாசம் பக்கத்தில் வயல்வேலை செய்து, அகத்தியரை ஒருமுறையாவது காண வேண்டும் என்று நினைக்கும் முதியவருக்கு இது பல நாள் கூலி. பாணதீர்த்தம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏறிய பழைய வழி புலிகள் காப்பகக் கட்டுப்பாடுகளால் அடைபட்ட பின், தமிழகத்து அடியாருக்கும் போனக்காடு ஒன்றே வாசல். அந்த வாசலில் நுழைய முதலில் ஒரு கடவுச்சொல் வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இந்த மலை காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் மலை. அகத்தியர் அவர்களுக்குக் குலத்தைக் காக்கும் முன்னோர். கொக்கரை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடும் பிலாத்தி என்னும் பூசாரியின் வழிபாட்டிலிருந்து அவரைப் பிரிக்க முடியாது. பருவ மலையேற்றத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? வழிகாட்டிகளாக முன்னே நடக்கிறார்கள், முகாமில் கஞ்சியும் சோறும் பொங்குகிறார்கள். சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக அவர்களுக்குச் சில வாரம் வேலை கிடைக்கிறது. அதைச் சிறிதென்று தள்ளக்கூடாது. ஆனால் எத்தனை பேர் ஏறலாம், எந்த நாளில் மலைக்கு ஓய்வு, உச்சியில் எது தகும் எது தகாது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களின் குரல் கேட்பதில்லை.

இந்தக் குறை 2019இல் வெளிப்படையாக வெடித்தது. அதுவரை வனத்துறை அறிவிப்பு பெண்களையும் 14 வயதுக்குட்பட்டவர்களையும் விலக்கியிருந்தது. பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில், பால் அடிப்படையில் தடுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. பெண்களை அனுமதித்த சபரிமலைத் தீர்ப்பின் சூடு ஆறாத நேரம் அது. 2019 ஜனவரியில் பருவம் திறந்தபோது பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் முதல் அணியில் ஏறி, தீர்ப்புக்குப் பின் உச்சியைத் தொட்ட முதல் பெண்ணானார். போனக்காட்டு வாசலில் காணிப் பெண்களும் ஆண்களும் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், யாரையும் மறிக்கவில்லை.

தீர்ப்பு சரியானதே. வனத்துறை இதை மலையேற்றம் என்று சொல்லி, கட்டணம் வாங்கி, பூசையைத் தடுத்து நடத்தும்போது, பெண்ணை மட்டும் வழிபாட்டு மரபைக் காட்டி நிறுத்த நியாயம் இல்லை. ஆனால் காணிகளின் வருத்தத்தை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்குவதும் சரியல்ல. அவர்களின் கோயிலை அவர்களைக் கேட்காமல் விளையாட்டுத் திடலாக்கியது ஆண்களை ஏற்றிய நாளிலேயே நடந்துவிட்டது. வெளியூர் ஆண் ஏறியபோது காக்கப்படாத மரபு, வெளியூர்ப் பெண் ஏறும்போது மட்டும் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. பிழையின் வேர், வழிபாட்டையும் விளையாட்டையும் ஒரே சீட்டில் கலந்து விற்றதில் இருக்கிறது.

மூன்றாவது குறை போனக்காட்டுச் சிலுவைமலையில் தெரிகிறது. 1950களிலிருந்தே அங்கே சிலுவை வழிபாடு உண்டு என்பது நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தின் வாதம். அது காப்புக்காடு என்பது வனத்துறையின் வாதம். 2017இல் சிலுவைகள் உடைக்கப்பட்டன. 2018 ஜனவரி தொடக்கத்தில் யாத்திரையாகச் சென்றவர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் ஏற்பட்டுத் தடியடி வரை போனது. காட்டுக்குள் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை. ஆனால் ஒரே ஊரின் இரண்டு மலைகளில் ஒன்றுக்கு அட்டவணையும் முகாமும், மற்றொன்றுக்குத் தடியும் என்றால், விதி சூழலைக் காக்க வந்ததா, ஆளைப் பார்த்து வந்ததா என்ற ஐயம் எழத்தான் செய்யும். எண்ணிக்கை, நாள், பாதை, தடைசெய்த பொருள் ஆகியவற்றை எல்லா வழிபாட்டுக்கும் ஒரேபடியாக எழுதிவைத்திருந்தால் பாதிச் சண்டை தவிர்ந்திருக்கும்.

நான்காவது, போனக்காடு என்னும் ஊர். பழைய தேயிலைத் தோட்டம் இது. ஆலை மூடி, இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. கூலி பாக்கியைச் சுமந்தபடி தொழிலாளர் குடும்பங்கள் பல, ஒழுகும் வரிசை வீடுகளான லயங்களில் காலம் தள்ளுகின்றன. மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினரும் அவர்களில் உண்டு. மேலே பாழடைந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பேய் இருப்பதாகக் கதை கட்டி, காணொலி எடுக்க வருகிறவர்கள் தனி. பேயைத் தேடி வருகிறவருக்கும் முனிவரைத் தேடி வருகிறவருக்கும் நடுவில், உயிரோடு இருக்கும் மனிதர்கள் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு பருவமும் ஆயிரக்கணக்கானோர் வாசலாகப் பயன்படுத்தும் ஊருக்கு அந்த வருவாயிலிருந்து நேரடியாக என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்காக வைத்துச் சொல்வார் இல்லை.

இதற்கு மாற்று வழியைத் தேடி வெளியே போக வேண்டாம், இந்த மலையிலேயே முன்மாதிரி உண்டு. 1987 டிசம்பரில் ஆய்வாளர்கள் இந்தக் காட்டில் நடந்தபோது, உடன்வந்த காணிகள் களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் தந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் பதிவானது. எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கலந்துகொள்ளவில்லை, செடியைச் சேகரிக்க வனத்துறையே இடையூறாக நின்றது என்ற குறைகள் அந்த ஏற்பாட்டிலும் இருந்தன. இருந்தாலும் மலையின் அறிவில் மலைவாசிக்குப் பங்குண்டு என்ற கொள்கையை அது எழுத்தில் ஏற்றது. காயை உண்ணும் அறிவுக்குப் பங்கு தரலாம் என்றால், பாதை அறிந்த அறிவுக்கு ஏன் தரக்கூடாது?

ஆகவே, மலையேற்றத்தை நிறுத்த வேண்டாம், நூறை இருநூறாக்கவும் வேண்டாம். அந்த நூறுக்குள் மாற்றம் வேண்டும். ஒரு பகுதி இடங்களை இணையத்துக்கு வெளியே, குறைந்த கட்டணத்தில், குலுக்கல் முறையில் இருமாநில அடியார்களுக்கும் ஒதுக்கலாம். காணிகளின் வழிபாட்டு நாள்களில் வெளியார் ஏறாமல் மலையை அவர்களிடமே விட்டுவிடலாம். கட்டணத்தில் ஒரு பங்கு ஊராட்சிக் கணக்குப்போல் வெளிப்படையாகக் காணிக் குடிகளுக்கும் போனக்காட்டு லயங்களுக்கும் போக வேண்டும். நாள் குறிக்கும் கூட்டத்தில் காணிகளின் தலைவரான மூட்டுக்காணிக்கு நாற்காலி போட வேண்டும். தேநீர் கொண்டுவர அழைத்தால் போதாது.

எத்தனை பேர் ஏறலாம் என்ற கேள்விக்கு அகத்தியர்கூடம் நல்ல விடை கண்டிருக்கிறது. யார் ஏறலாம், யாருக்குப் பயன் என்ற கேள்விகளை இன்னும் சந்தைக்கே விட்டுவைத்திருக்கிறது. முதல் விடைக்காக இந்த முறையைக் காக்க வேண்டும். அடுத்த இரண்டுக்காகத் திருத்த வேண்டும். அடுத்த பருவத்துக்கு இணையத்தில் இடம் பிடிப்பவர்கள், தங்கள் சீட்டின் விலையில் காணிக்கு எவ்வளவு என்று வனத்துறையைக் கேட்டாலே திருத்தம் தொடங்கிவிடும்.