பங்காளிகளும் பட்டியலும்

2011 ஆகஸ்டில் வட லண்டன் டோட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்கிற கறுப்பின இளைஞர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் பற்றி எரிந்தது. எரிந்ததற்குக் காரணம் தேடிய அரசுக்கு 'கேங்' என்ற சொல் கைக்கு வாகாய்க் கிடைத்தது. பிரதமர் கேமரன் கேங்குகள் மீது போர் என்று அறிவித்தார். கைதானவர்களில் கேங்கோடு தொடர்புள்ளவர்கள் 13 சதவீதம்தான் என்று அவருடைய உள்துறையே சில மாதங்களில் கணக்குச் சொன்னது. அதற்குள் சொல் ஊன்றிவிட்டது. அடுத்த ஆண்டே லண்டன் பெருநகரப் போலீஸ் 'கேங் மேட்ரிக்ஸ்' என்ற பட்டியலைத் தொடங்கியது.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி, எந்தக் கேங், எவ்வளவு ஆபத்தானவன் என்பதற்கு ஒரு மதிப்பெண், அதற்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிறம். ஆம்னஸ்டி அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முந்தைய ஆண்டு அக்டோபரில் இதிலிருந்த பெயர்கள் 3,806. அவர்களில் 78 சதவீதம் கறுப்பர்கள். மிக இளையவனுக்குப் பன்னிரண்டு வயது. மதிப்பெண் பூஜ்ஜியம் வாங்கியவர்கள் நாற்பது சதவீதம்! ஒன்றுமே செய்யாதவனுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரு ராப் வீடியோவில் தலை காட்டியது, தெருவில் யாரோடோ நின்றது, தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சவன் என்பது, இவையெல்லாம் உளவுத் தகவல் ஆகிவிடுகின்றன. செயலை விசாரிப்பதற்குப் பதிலாக ஆளை உற்பத்தி செய்யும் சொல்லாடல் இது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஃபூக்கோவோடு நின்றுவிட்டால் முக்கியமான ஒன்று விட்டுப்போகும்.

அது, இந்தப் பட்டியல் போலீஸ் நிலையத்தில் தங்குவதில்லை என்பது. 'பங்காளி நிறுவனங்கள்' என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். (நம்ம ஊரில் பங்காளி என்றால் வேறு அர்த்தம்; அதுவும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது.) உள்ளூராட்சி வீட்டுவசதித் துறை, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு மையம் என்று பட்டியல் பயணம் போகிறது. 'எல்லோரும் சேர்ந்து குற்றத்தைத் தடுக்கிறோம், இதில் என்ன தப்பு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குற்றவியல் நீதிமன்றத்தில் ஒருவனைத் தண்டிக்க ஐயத்துக்கு இடமற்ற சாட்சியம் வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்ல அவ்வளவு வேண்டாம். பள்ளியிலிருந்து நீக்கவும் அவ்வளவு வேண்டாம். ஆக, கூட்டு என்று வரும்போது தண்டனை எங்கே நிரூபிக்க வேண்டிய சுமை குறைவோ அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் மாதிரி ஓடிவிடுகிறது. தண்டிக்கிறவர் நீதிபதி அல்ல. வீட்டு வாடகைக் குமாஸ்தா. பையன் கேங்கை விடாவிட்டால் வீடு பறிபோகும் என்று ஒரு குடும்பத்துக்குக் கடிதம் வந்ததை ஆம்னஸ்டி பதிவு செய்திருக்கிறது. அந்தப் பையன் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

நியூஹாம் கதை இன்னும் மோசம். 2017 ஜனவரியில் அந்த உள்ளூராட்சியின் ஊழியர் ஒருவர், 203 பேருடைய விவரங்களை மறைப்பு எதுவும் இல்லாமல் 44 பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். சில மாதங்களில் அதன் புகைப்படங்கள் ஸ்னாப்சாட் வழியாக எதிர்க் குழுக்களின் கைக்கே போய்ச் சேர்ந்தன. யார், எந்த வீடு, எந்தக் குழு, எல்லாமே. அந்த ஆண்டு அங்கே தாக்கப்பட்டவர்களில் பட்டியலில் இருந்தவர்களும் உண்டு. கசிவுதான் காரணம் என்று நிறுவ முடியாது என்றது தகவல் ஆணையர் அலுவலகம். 2019இல் 1,45,000 பவுண்டு அபராதம் மட்டும் போட்டது.

குற்றப் பரம்பரைச் சட்டம் வாசகருக்கு நினைவு வரும். 1871லிருந்தே பெயர் பதியும் வித்தையில் தேர்ந்தவர்கள்தானே! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ரேகை வைத்தவனுக்குத் தன் பெயர் ஏட்டில் இருப்பது தெரியும். ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்தான். மேட்ரிக்ஸில் இருப்பவனுக்கு யாரும் சொல்வதில்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து எப்படி வழக்காடுவது? பட்டியல் இயங்கிய விதம் மனித உரிமையை மீறியது என்று 2022இல்தான் ஒரு வழக்குச் சமரசத்தில் போலீஸ் ஒப்புக்கொண்டது. 2024இல் கைவிட்டது. உடனே வேறு பெயரில் வேறொரு மதிப்பீட்டு முறை வந்தது.

இதெல்லாம் கறுப்பர் பிரச்சினை என்று ஒதுங்குகிற நம்மவர்களுக்காக டொராண்டோவையும் சொல்ல வேண்டும். 1990களில் ஸ்கார்பரோவில் வி.வி.டி., ஏ.கே. கண்ணன் என்று இரண்டு தமிழ்க் குழுக்கள் மோதிக்கொண்டன. வல்வெட்டித்துறையின் பெயர் சுருங்கி ஒரு தெருக்குழுவின் பெயரானது. சம்பந்தமே இல்லாத பொடியன்கள் ஆள்மாறாட்டத்தில் செத்தார்கள். அந்தத் தாய்மாருக்கு முன்னால் 'கேங் என்பது வெறும் கட்டமைப்பு' என்று பேசுவது அயோக்கியத்தனம். போலீஸ் வர வேண்டும் என்று தமிழர்களே கேட்டார்கள், கேட்டதில் தவறில்லை.

வந்த போலீஸ் தனியாக வரவில்லை. 2001 அக்டோபரில் குடிவரவுத் துறையோடு சேர்ந்து வந்து பலரைப் பிடித்தது. கொலைக்கும் வெட்டுக்கும் வழக்கு நடத்தச் சாட்சி வேண்டும், சாட்சி சொல்லப் பயப்படாத ஆள் வேண்டும். நாடு கடத்துவதற்கோ குழுவில் உறுப்பினர் என்று 'நம்புவதற்கு நியாயமான காரணம்' இருந்தாலே போதும். அதே குழுவில் இருந்து குடியுரிமை வாங்கிவிட்டவனை இந்தச் சட்டம் தொடாது. நிரந்தர வதிவிட அட்டையோடு நின்றவனை யுத்தம் நடக்கும் நாட்டுக்கு அனுப்பப் பார்த்தது. குற்றம் ஒன்று, தண்டனையைத் தீர்மானித்தது காகிதம். சுடப்பட்ட பையனின் வீட்டாருக்கு இதில் என்ன நீதி கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும். கொலையைச் செய்தது யார் என்ற கேள்வியை நாடு கடத்தும் விசாரணை கேட்பதே இல்லை.

விலகியவன் கதி என்ன? லண்டனில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கென்று சில வட்டாரங்கள் தனியாக இன்னொரு பட்டியல் வைத்திருந்ததைத் தகவல் ஆணையர் 2018இல் கண்டுபிடித்தார். கனடாவில் ஏ.கே. கண்ணன் குழு சம்பந்தப்பட்ட வழக்கில் 2006இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் 'உறுப்பினராக இருப்பது' என்று எழுதியிருப்பதற்கு, முன்பு உறுப்பினராக இருந்ததும் அடங்கும் என்றே பொருள் சொன்னது.