பத்தமடைப் பாய்

திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பேரூராட்சி பத்தமடை. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்தான். ஆனாலும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது நெல் அல்ல, கோரை. ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்ததும் இங்கேதான்; இருந்தும் ஊரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பாய். தாமிரபரணிக் கரையில் கோரை கிடைப்பதுதான் காரணம் என்றால், கரையோர ஊர்கள் அத்தனையும் பட்டுப்போல் மெல்லிய பாய்க்குப் பேர்போயிருக்க வேண்டும். அப்படி இல்லை. வேறுபாடு கைவேலையில் இருக்கிறது. பச்சையாக அறுத்த கோரையைக் காயவைத்து, நாள்கணக்கில் ஆற்றுநீரில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். பருத்திப் பாவில் அந்த இழை ஊடையாக ஏறும்போது பாய் துணிபோல மடிகிறது. லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அவற்றிலும் பெரும்பாலும் பெண்கள், தலைமுறைகளாகக் காத்துவரும் நுட்பம் இது.

பிளாஸ்டிக் பாய் மலிவு, கழுவினால் போயிற்று, இனி இது எதற்கு என்று கேட்கலாம். படுக்க மட்டும்தான் பாய் என்றால் அந்தக் கேள்வி சரியே. மணமக்கள் பெயரை ஓரத்தில் நெய்து கல்யாணச் சீராகக் கொடுக்கும் பாயைக் கடைப்பாயோடு விலை ஒப்பிடுவது பொருந்தாது. வறுமையை அழகென்று புகழ்கிறோம் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைத் திருட்டிலிருந்து காக்கும், கூலியை உயர்த்தாது. ஒரு நயப்பாய்க்கு வாரக்கணக்கில் உழைப்பு தேவை. அந்த நாள்களுக்கான கூலி விலையில் சேராவிட்டால், நெய்பவர் சீக்கிரம் முடியும் முரட்டுப் பாய்க்கு மாறுவதில் வியப்பில்லை.