ஓடிய தூரமும் ஓட்டுகிறவரின் யோக்கியதையும்

மோட்டார் சைக்கிளில் பிரியம் கொண்ட இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்பொழுது, என்ன வண்டி என்ற விசாரணைக்கு அடுத்தபடியாக எழுவது, இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கேள்விதான். அதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே, எதிரில் நிற்பவர் மெய்யான ஓட்டுநரா, அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி அருந்திவிட்டு வருவதற்காக மட்டும் வண்டியைத் துடைத்து வெளியே எடுக்கிறவரா என்று தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் பல தேசங்களில் வேரூன்றியிருக்கிறது. இந்த அளவுகோல் நியாயமான காரணத்தினால் பிறந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஓட்டுநரின் உயிரையும் அவர் எதிரே வருகிறவர்களின் உயிரையும் காப்பாற்றக்கூடிய தேர்ச்சியை அது அளப்பதே இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் என்னும் சிற்றூரில், 1938-இல் தொடங்கி, ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் கூடும் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு, வண்டியை ட்ரெயிலரில் ஏற்றி நெடுந்தூரம் இழுத்துவந்து, ஊர் எல்லையில் இறக்கி, தோல் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதியில் பவனி வருகிறவர்கள் உண்டு. மழையிலும் அனல் காற்றிலும் சாலை வழியாகவே வந்து சேர்ந்தவர்களுக்கு அவர்களைக் கண்டு உண்டாகும் கோபம் இயற்கையானது. அலங்காரத்தை அனுபவமாகக் காட்டுகிறவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட அவர்களுக்கு ஒரு பிரமாணம் வேண்டியிருந்தது. தூரமானி அதைத் தந்தது.

அந்தப் பிரமாணத்தை அதன் உச்சத்துக்கே கொண்டுபோயிருப்பது அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமெரிக்கச் சங்கம். 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது ஏறக்குறைய 1,609 கிலோமீட்டர், ஓட்டி முடித்ததை, நாளும் நேரமும் குறித்த பெட்ரோல் ரசீதுகளைக் கொண்டு நிரூபிக்கிறவர்களுக்கு அது சான்றிதழ் வழங்குகிறது. உண்பதற்கும் உறங்குவதற்கும் பெட்ரோல் போடுவதற்கும் நின்ற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 67 கிலோமீட்டர்தான் சராசரி. ஆகையால் இது வேகத்தைக் காட்டிலும் நிதானத்தையே கேட்கும் பரீட்சை. இப்படிப்பட்ட பிரயாணத்தை ஆபத்தின்றி முடிக்கிறவர், தம் உடம்பு களைப்படைவதற்கு முன்னால் அது கொடுக்கும் அடையாளங்களை அறிந்தவராகவும், சங்கிலியின் தொய்வையும் டயரின் தேய்மானத்தையும் புறப்படுமுன் சோதித்தவராகவும், தூக்கம் கண்ணைத் தொட்டவுடன் கௌரவம் பாராமல் சாலையோரம் படுத்துவிடும் விவேகம் உடையவராகவும் இருந்தாக வேண்டும். அந்தச் சங்கம் புதியவர்களுக்குச் சொல்லும் புத்திமதிகளிலும் வேகத்தை மறப்பதும், ஓய்வைத் திட்டமிடுவதும், தன் எல்லையை உணர்வதுமே பிரதானமாக இருக்கின்றன. நெடுந்தூரம் கற்பிக்கும் பாடங்கள் இவை. இவற்றை நான் அற்பமாகக் கருதவில்லை. அமெரிக்காவின் அகன்ற தடையற்ற பெருஞ்சாலைகளை மனத்தில் வைத்து உண்டான இந்தக் கணக்கை, விளக்கில்லாத லாரி நிற்கும் நம் தேசத்து நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஓட்டி நிறைவேற்ற முயலும் இளைஞர்களைப் பற்றிய கவலை மட்டும் எனக்கு உண்டு.

ஆனால் தூரத்தைத் தேர்ச்சி என்று கொள்கிறவர்கள் அவசியம் சிந்திக்க வேண்டிய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நேர்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே சென்று பரிசோதித்து, அவற்றோடு 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்து, 1981-இல் வெளியான அறிக்கையில் முடிவுகளைத் தொகுத்தார். விபத்தில் சிக்கியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். சாலையில் ஓட்டிய அனுபவம் அவர்களுக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் இருந்தது. எனினும் அவர்களில் பாதிப்பேருக்கு மேல், விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லாதவர்கள். நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, உறவினரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். பெரும்பாலான விபத்துகள் கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ சென்ற குறும்பயணங்களில், புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே நேர்ந்தன. ஆபத்தைக் கண்டபின் தப்புவதற்கு அவர்களுக்கு இருந்த அவகாசம் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த அவகாசத்தில் அவர்கள் பின் பிரேக்கை அளவு மீறி அழுத்திச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை, விலகி ஓட்டும் வித்தை அவர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை.

இதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன் சக்கரத்தின்மீது சாய்கிறது. பின் சக்கரம் லேசாகி, பிடிமானம் இழந்து பூட்டிக்கொள்கிறது. எனவே வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில் இருக்கிறது. நம் ஊரிலோ, புதிதாகப் பழகும் பிள்ளைக்கு மாமாவோ அண்ணனோ முதன்முதலில் உபதேசிப்பது, முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும் என்பதுதான். திரும்புவதும் அப்படியே. ஓடும் வண்டியைச் சட்டென்று இடப்பக்கம் விலக்க, இடக்கைப் பிடியை முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்ப, வண்டி இடப்பக்கம் சாய்ந்து வளைகிறது. மெதுவான வளைவுகளில் எல்லோரும் இதை அறியாமலே செய்கிறார்கள். அறிந்து பழகாதவரோ, குறுக்கே ஒரு கார் வந்து நிற்கும் அந்த இரண்டு விநாடியில் கையை நேர் எதிராகத் திருப்புகிறார், அல்லது உறைந்துபோகிறார். நேர் சாலையில் ஓட்டிய ஒரு லட்சம் கிலோமீட்டர் இந்த அப்பியாசத்தை ஒருமுறைகூடக் கொடுத்திராது. மண்பாதையிலும் சேற்றிலும் ஓட்டிப் பழகியவர்கள் விபத்துகளில் குறைவாகவே காணப்பட்டார்கள் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. அவர்கள் கடந்திருந்த தூரம் சொற்பமாகவே இருந்தாலும், சக்கரம் வழுக்குவதும் மீள்வதும் அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தன.

ஒரே தூரம் இருவரை ஒரே மாதிரி ஆக்குவதில்லை என்பதற்கு ராபர்ட் பர்சிக் 1974-இல் வெளியிட்ட 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற நூலும் சாட்சி. 1968-இல் அவரும் அவருடைய நண்பரும் மினசோட்டாவிலிருந்து புறப்பட்டு, மொன்டானாவின் போஸ்மன் நகர் வரை ஒரே சாலையில் உடன் சென்றார்கள்; ஒருவர் தம் பழைய ஹோண்டாவின் ஒவ்வொரு சத்தத்தையும் செவிகொடுத்துக் கேட்டார், மற்றவர் தம் பி.எம்.டபிள்யூ.வைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளவே விரும்பவில்லை. தூரமானி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும்.

இந்த அளவுகோலை உயர்த்திப் பிடிப்பவர்களே அதை மனப்பூர்வமாக நம்புகிறார்களா என்பதும் எனக்குச் சந்தேகம். நம்பினால், சென்னையில் நண்பகல் வெயிலிலும் நள்ளிரவு மழையிலும் உணவுப் பொட்டலத்தோடு ஓடுகிற இளைஞனையும், விடியுமுன் இரு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு கிராமத்திலிருந்து வருகிறவரையும் அவர்கள் முதல் வரிசையில் அல்லவா உட்கார வைத்திருக்க வேண்டும்? லடாக் சென்று வந்தவருக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்குகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. உல்லாசத்துக்காக ஓடிய தூரம் மட்டும் கணக்கில் சேருமானால், அங்கே அளக்கப்படுவது ஒருவருக்கு வாய்த்த விடுமுறையும் பணமும்தான். சிறு குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வண்டியை எடுக்கும் பெண்ணும், பனியினால் மாதக்கணக்கில் சாலை மூடிய ஊரில் வாழ்கிறவரும் அந்தக் கணக்கில் பின்தங்கியே தீருவார்கள்.

அமெரிக்காவில் 1973-இல் நிறுவப்பட்ட மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு ஸ்தாபனம் தன் அடிப்படைப் பயிற்சியைக் கார் நிறுத்தும் காலி மைதானங்களில், மிதமான வேகத்தில் நடத்துகிறது. மாணவர்கள் அங்கே கடப்பது சொற்ப தூரம். ஆயினும் நிறுத்துவதையும் விலகுவதையும் கை மறவாதபடி திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினால், நடைமுறையில் பெரும்பாலும் உரிமம் கிடைத்துவிடுகிறது. அந்த எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடு இழுத்து, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, இரண்டு பிரேக்கையும் பிடித்து, சறுக்காமல் நிறுத்திக் காட்டும்படி ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சங்கங்களும் நெடும்பயணத்துக்கு ஆள் சேர்க்கும்பொழுது, இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் உள்பட எல்லோரையும் அதே கோட்டில் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும்.