கர்ணன் கதையில் பழி யாரைச் சேரும்?

மட்டக்களப்பின் வடமோடிக் கூத்துகளுள் ‘கர்ணன் போர்’ பெயர்பெற்றது. 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். செங்கலடி–பதுளை வீதியிலுள்ள கரடியனாறு முதலிய வேளாண்மை ஊர்களின் பக்கத்தில் இக்கூத்தை விடிய விடியப் பார்க்க நேர்ந்தால், கர்ணனுக்காக மனம் இரங்கும். பெற்று ஆற்றில் விட்ட குந்திமேல் கோபம் வரும். கூத்தின் நடுவே நிற்பது போர். குந்தி வளர்ந்த வீடோ அதற்கு வெகுகாலம் முந்தியது. அந்த வீட்டை அறிந்துகொண்டு கூத்துக் களரிக்குப் போகிறவருக்குக் கூத்து ஆழமாகும்.

பிள்ளையில்லாத குந்திபோசனுக்குச் சூரசேனன் தன் மகள் பிருதையைக் கொடுத்துவிட்டான். குந்தி என்ற பெயர் வளர்ப்புத் தந்தையால் வந்தது. துர்வாச முனிவர் விருந்தாக வந்தபோது, அவருக்குப் பணிவிடை செய்யக் குந்திபோசன் இவளையே நிறுத்தினான். பணியில் குறை நேர்ந்தால் குலமே அழியும் என்று எச்சரித்தும் வைத்தான். அவன் கொடியவன் அல்லன். மகள்மேல் பாசம் உள்ளவன். ஆனால் முனிவரின் சாபத்துக்கு அஞ்சி, தன் பாரத்தைச் சிறுமியின் தலையில் ஏற்றினான். பழியை எடைபோடும்போது மிகவும் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது.

ஓராண்டுப் பணிக்குப் பின் துர்வாசர் தந்த வரத்தைக் குந்தி வேண்டாம் என்றாள்; அவரோ தேவரை வரவழைக்கும் மந்திரத்தைத் திணித்தார். மந்திரத்தைச் சோதித்துப் பார்த்தது அவளுடைய பிழைதான். வந்த சூரியனைத் திரும்பிப் போகச் சொன்னாள். அவளுடைய தந்தையையும் மந்திரம் தந்தவரையும் எரித்துவிடுவதாக அவன் மிரட்டினான். வளர்ப்புத் தந்தையைக் காக்க வேண்டும் என்ற அச்சம் இரண்டாம் முறையும் அவளைப் பணியவைத்தது. பிள்ளை பிறந்ததைச் செவிலித்தாய் அறிந்தாள். குந்திபோசனிடம் சொல்லும் துணிவு குந்திக்கு வரவில்லை. பாசமுள்ள வீடுதான், ஆனால் மகள் உண்மையைச் சொல்ல முடியாத வீடு.

வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் குந்தியே தீர்ப்புச் சொல்கிறாள். தன்னையோ துரியோதனனையோ பழிக்காமல், விளையாடும் வயதில் தன்னைப் பொருளைப்போல் கொடுத்துவிட்ட பெற்ற தந்தையைப் பழிக்கிறாள். வளர்த்தவனை அவள் விட்டுவிடுவது சிந்திக்கத் தக்கது. அது நன்றியா, பழகிப்போன பணிவா என்பதைப் பாரதம் சொல்லாமல் விடுகிறது.

வில்லிபாரதத்தில் கண்ணன் அவளைக் கர்ணனிடம் அனுப்புகிறான்: நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை ஏவக்கூடாது, அர்ச்சுனன் தவிர்ந்த நால்வரைக் கொல்லக்கூடாது என்று வரம் வாங்கிவர. குந்திபோசன் அன்று செய்ததையே கண்ணன் இப்போது செய்கிறான். காரியம் ஆக அவளை முன்னே அனுப்புகிறான். ஆயினும் இம்முறை அவள் சிறுமியல்லள். இத்தனை ஆண்டு மௌனம் காத்து, ஐவருக்காகவே மூத்தவனைத் தேடிவந்த குற்றம் முழுவதும் அவளுடையது.