வருணித்தல், புனைதல், சித்திரித்தல்: தமிழ் – கன்னட வழக்கும் திறனாய்வுச் சொல்லாட்சியும்

முன்னுரை

ஒரு பொருளையோ மாந்தரையோ சொல்லால் காட்டுதலைக் குறிக்கத் தமிழில் விவரித்தல், வருணித்தல், புனைதல், சித்திரித்தல் முதலிய சொற்கள் வழங்குகின்றன. ஆய்வேடுகளில் இவை ஒருபொருள் குறித்த பல சொற்களாகக் கொள்ளப்பட்டு, ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஆளப்படுகிறது. தமிழும் கன்னடமும் அருகருகே ஒலிக்கும் பெங்களூரில் ஒப்பாய்வு செய்வோர்க்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. விவரிசு, வர்ணிசு, பண்ணிசு, சித்ரிசு என்னும் கன்னட வினைகள் ஒலியால் தமிழ்ச் சொற்களை ஒத்திருப்பினும் வழக்கால் முற்றும் ஒத்தன அல்ல. இச்சொற்களின் வேறுபாடு திறனாய்வு முடிபுகளையே மாற்றவல்லது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

ஒரு மூலம், இரு சொற்கள்

வடமொழியில் தண்டி இயற்றிய காவியாதர்சம் தென்னாட்டு அணியிலக்கண நூல்கள் பலவற்றுக்கு மூலமாயிற்று. 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் நிருபதுங்கன் அவையில் தோன்றிய கன்னடக் கவிராஜமார்க்கமும், 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்த் தண்டியலங்காரமும் அதன் வழிப்பட்டவை. நகர், கடல், மலை, பருவம், ஞாயிறு திங்களின் தோற்றம் ஆகியன பெருங்காப்பியத்தில் இடம்பெறல் வேண்டும் எனக் கூறுமிடத்துக் காவியாதர்சம் 'வர்ணனம்' என்னும் சொல்லை ஆள்கிறது. கன்னட மரபு அச்சொல்லையே ஏற்றுப் பெருங்காப்பியத்துக்குரிய பதினெட்டு உறுப்புகளை 'அஷ்டாதச வர்ணனெ' என வழங்குகிறது. தண்டியலங்காரமோ அதே இடத்தில் 'புனைதல்' என்னும் வினையை அமைக்கிறது.

இம்மாற்றம் கருதற்குரியது. வருணனைக்கு அடியான 'வர்ண' என்பது நிறத்தைக் குறிப்பது. கன்னடப் 'பண்ணிசு' என்பதும் நிறத்தைக் குறிக்கும் 'பண்ண' என்பதன் அடியாகப் பிறந்தது. புனைதல் என்பதோ தொடுத்தல், அணிசெய்தல், இயற்றுதல் என்னும் பொருள்களை ஒருங்கே கொண்டது. மாலை புனைவதும் பாப் புனைவதும் தமிழில் ஒரே வினையாலேயே சுட்டப்படுகின்றன. எனவே வருணித்தல் உள்ள பொருளுக்கு நிறமேற்றுதலையும், புனைதல் பொருளையே ஆக்கிக்கொள்ளுதலையும் உணர்த்துகின்றன எனலாம்.

நிறமேற்றாத கூற்றும் மரபுக்குப் புறம்பன்று. பொருளை உள்ளவாறே கூறும் தன்மையணியைத் தண்டியலங்காரம் பொருளணிகளுள் முதலாவதாக வைக்கிறது. மொழியியலாளர் 'வண்ணனை மொழியியல்' என்னும்போது அச்சொல் மதிப்பீடு கலவாத விவரிப்பையே குறிக்கிறது. காப்பிய ஆய்வில் அணிநலத்தைச் சுட்டும் சொல், மொழியியலில் அணிநீக்கிய கூற்றைச் சுட்டுகிறது. சொல்லின் பொருளை அது வழங்கும் துறையே வரையறுக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

அன்றாட வழக்கு

நாளிதழ்த் தமிழில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாக விளங்குகிறது. அதிகாரி ஒருவர் திட்டத்தை 'விவரித்தார்' என்றால் கூறப்பட்டது செய்தி என்பது உடன்பாடு. தலைவர் ஒருவர் அதனை 'வரலாற்றுச் சிறப்புமிக்கது என வருணித்தார்' என்றால் அது அவர்தம் மதிப்பீடு. அப்பாவியைக் 'குற்றவாளியாகச் சித்திரிக்கின்றனர்' என்றால் அக்கூற்று ஐயத்துக்குரியது. 'பொய் வழக்குப் புனைந்தனர்' என்றால் உண்மை அறவே இல்லை. ஆக, விவரித்தல் முதல் புனைதல் ஈறாகக் கூற்றுக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தொலைவு படிப்படியாக மிகுகிறது. காப்பிய இலக்கணத்தில் பெருமைக்குரியதாய் நின்ற 'புனைதல்' அன்றாட வழக்கில் பழிச்சொல்லாகவும் நிற்பது நோக்கத்தக்கது.

கன்னட இதழ்களில் 'பண்ணிசிதரு' என்பது பெரும்பாலும் தமிழின் 'வருணித்தார்' என்பதற்கு இணையாகப் பாராட்டுச் சாயலுடன் வருகிறது. ஆனால் 'சித்ரண' என்பதில் ஐயச்சாயல் இயல்பாக அமைவதில்லை. தமிழில் 'பாத்திரப் படைப்பு' எனப்படுவதைக் கன்னடத் திறனாய்வு 'பாத்ர சித்ரண' என்கிறது. இதனைப் 'பாத்திரச் சித்திரிப்பு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், மூலத்தில் இல்லாத 'திரித்துக் காட்டல்' என்னும் சாயல் தமிழில் புகுந்துவிடும்.

சம்ஸ்காராவில் சந்திரி

யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' (1965) இதற்கு ஏற்ற சான்றாகும். நாரணப்பனுடன் வாழ்ந்த சந்திரியின் அழகைக் கூறும் பகுதி ஒன்று துர்காபட்டரின் நோக்கில் அமைகிறது. அவர் அவளைத் தம் அறையில் மாட்டியுள்ள ரவிவர்மா படத்து மத்ஸ்யகந்தியோடு ஒப்பிட்டுக் காண்கிறார். அக்கிரகாரமே ஈமக்கடன் குறித்து வாதிடும் வேளையில் அவர் கண் அவள் உடல்மீது செல்கிறது. இதனை 'நாவலாசிரியர் சந்திரியை வருணிக்கிறார்' என்று எழுதும் ஆய்வாளர், பாத்திரத்தின் காமநோக்கை ஆசிரியர்மேல் ஏற்றிவிடுகிறார். இங்கு நிகழ்வது துர்காபட்டரின் சித்திரிப்பு. சுவரில் தொங்கும் சித்திரத்தின் வழியாகவே அவர் அவளைக் காண்கிறார். அவ்வகையில் அச்சொல் இங்கு நேர்ப்பொருளிலும் பொருந்துகிறது.

பிராணேசாசாரியர் நோயுற்ற மனைவி பாகீரதியின் அழகின்மையை முதன்முறையாக உணரும் இடமும் இத்தகையது. சந்திரியோடு கூடிய பின்னரே அவர்தம் கண் அவ்வாறு காண்கிறது. அங்கு மாறியது பாகீரதியின் உடலன்று, கணவரின் பார்வை. எனவே அப்பகுதியையும் ஆசிரியரின் விவரிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இதனால் ஆசிரியர் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. எவர் கண்ணால் எதனைக் காட்டுவது என்னும் தெரிவு அவருடையதே. ஆயின் அது எடுத்துரைப்பு பற்றிய வினா. அதனை எழுப்புதற்கு முன் கூற்று எவருடையது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். பெண் சித்திரிப்புப் பற்றிய ஆய்வுகள் பெண்பாத்திரங்களின் பட்டியலாகவும் கதைச்சுருக்கமாகவும் நின்றுவிடுவதற்கு இப்பிரித்தறிதல் இன்மையே முதற்காரணம் எனலாம்.

முடிவுரை

விவரித்தல் செய்தியையும், வருணித்தல் மதிப்பீட்டையும், சித்திரித்தல் பார்வையையும், புனைதல் ஆக்கத்தையும் முதன்மையாகச் சுட்டுகின்றன. ஆய்வுத் தலைப்பில் இவற்றுள் எதனை ஆள்வது என்பது நடையழகு பற்றியதன்று, அது ஆய்வின் கருதுகோளையே அறிவிப்பது. 'சித்திரிப்பு' என்று தலைப்பிடுவோர் எவர் பார்வை, எதனை மறைத்து எதனைக் காட்டுகிறது என்னும் வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவராவர். கன்னட நூல்களைத் தமிழ் வழி ஆராய்வோர் ஒலி ஒப்புமையை விடுத்து வழக்கு ஒப்புமையை அளவுகோலாகக் கொள்வராயின், இரு மொழித் திறனாய்வும் ஒன்றையொன்று தெளிவுறப் புரிந்துகொள்ளும்.