ஆய்வேட்டுத் தேடலும் துறைவேலிகளும்: ஈழத்து இலக்கிய ஆய்வை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழிலக்கியத்தை ஆராயப் புகுவோர் தமக்கு முன் எவரெவர் எவற்றை ஆராய்ந்துள்ளனர் என அறிய முற்படுகையில், வழக்கமாகத் தமிழ்த்துறைகளிற் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடுகளின் பட்டியலையே நாடுகின்றனர். நாவல், சிறுகதை, கவிதை, நாட்டாரியல் ஆகிய தலைப்புகளின் கீழ் வருவனவற்றைக் குறித்துக்கொண்டதும் ‘முன்னைய ஆய்வுகள்’ என்னும் இயல் எழுதி முடிந்ததாகக் கருதப்படுகின்றது. பெரும்பாலான ஆய்வேடுகளில் இவ்வியல் மெலிந்து காணப்படுவதற்கு ஆய்வாளரின் சோம்பலை மட்டும் காரணங்காட்டுதல் பொருந்தாது. ஓர் ஆய்வேடு எங்கு எழுதப்படுகின்றது, எம்மொழியில் எழுதப்படுகின்றது, எத்துறையின் பெயரிற் பதிவாகின்றது, ஈற்றில் யாருடைய உடைமையாகின்றது என்பன யாவும் அதனைக் கண்டடையும் வழியைத் தீர்மானிக்கின்றன. எனவே தேடல் என்பது நூலகர்க்குரிய தொழில்நுட்பம் மட்டுமன்று. அறிவுற்பத்தியின் சமூக உறவுகளோடு பிணைந்த விடயமுமாகும் என்பது எமது கருத்து.

முதலில் இடம் பற்றிய பிரச்சினையை நோக்கலாம். தமிழின் வீரயுகப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் காவியங்களோடு ஒப்பிட்ட க. கைலாசபதியின் ஆய்வேடும், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய கா. சிவத்தம்பியின் ஆய்வேடும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பிக்கப்பட்டவை. இருவருக்கும் வழிகாட்டியவர் அங்கு கிரேக்கப் பேராசிரியராகவிருந்த மார்க்ஸிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சன். தமிழாய்வு என்றதும் இலண்டனையும் ஒக்ஸ்போட்டையும் மாத்திரம் நினைவுகொள்பவர் இவ்விரண்டையும் எளிதிற் கண்டிரார். இவை நூலாக வெளிவந்தமையாலேயே பரவலாக அறியப்பட்டன. முன்னையது 1968 இல் ஒக்ஸ்போட் வெளியீடாக விரைவில் அச்சேறியது. 1970 இல் நிறைவுற்ற பின்னையது 1981 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பதினொரு ஆண்டுகளும் அது பேர்மிங்ஹாம் நூலகத் தட்டில் இருந்த பொருள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மாணவனுக்குக் கேள்விப்பட்ட பெயர். இவ்வாறான ஆய்வேடுகளைத் தேடுவோர்க்குத் துறையின் பெயரிலும் பார்க்க மேற்பார்வையாளரின் பெயர் சிறந்த திறவுகோல் என்பதை இவ்விடத்துக் குறிப்பிடலாம். நூலொன்றின் முன்னுரையிலே நன்றி கூறும் பகுதியைப் பலர் வாசிப்பதில்லை. ஆய்வேட்டுக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றது.

இடத்தினும் கடினமானது துறைவேலி. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்தது. 1966 ஒக்ரோபரில் தொடங்கி ஆலயப் பிரவேசம், தேநீர்க்கடைப் பிரவேசம் எனப் பரந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தின் சூட்டிலிருந்து பிறந்த நாவல் அது. அதற்கு முன்னரே, 1965 இல், செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ சாதியையும் நிலத்தையும் ஒருங்குவைத்து நோக்கியிருந்தது. இந்நாவல்களைப் பற்றி எமது திறனாய்வாளர் எழுதிய பலவற்றில் ‘நிலவுடைமைச் சமூகம்’ என்னுந் தொடர் திரும்பத்திரும்ப வருகின்றது. ஆனால் அந்நிலவுடைமை யாழ்ப்பாணத்தில் எவ்வுருவில் நிலவியது, சீதனம், முதுசம், தேடியதேட்டம் எனத் தேசவழமை பிரித்துவைத்த உடைமைகள் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு கைமாறின, அக்கைமாற்றத்தோடு குடிமை ஊழியங்கள் எவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தன என்ற வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை. தொடர் இருக்கின்றது, தரவு இல்லை. மார்க்ஸியத்தின் பெயரால் நிகழும் இச்சோம்பலை மார்க்ஸியர்களாகிய நாமே முதலிற் கண்டிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரின் சமூக அமைப்பை உறவுமுறை, திருமணம், சொத்துரிமை ஆகியவற்றைச் சிறப்பாக நோக்கி ஆராய்ந்த மைக்கேல் பாங்ஸின் கலாநிதிப்பட்ட ஆய்வேடு 1957 இலேயே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. ‘பஞ்சமர்’ வெளிவருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னர்! அது நூலாக அச்சேறவில்லை. யாழ்ப்பாணச் சாதியமைப்புப் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்று 1960 இல் எட்மன்ட் லீச் பதிப்பித்த தொகுதியில் இடம்பெற்றது. எம்மவருள் அவரை அறிந்தோரிற் பலர் அக்கட்டுரை வாயிலாகவே அறிந்தனர். ஆய்வேட்டுக்குரிய மக்கள் யாழ்ப்பாணத்தில், ஆய்வேடு கேம்பிறிட்ஜில், அதன் மொழி ஆங்கிலம், அதன் துறை மானிடவியல். நான்கு மடங்கான இத்தூரத்தை ஒரு தமிழ்த்துறை மாணவன் கடக்க வேண்டுமெனில், அப்படியொரு பொருள் இருக்கின்றதென்ற செய்தியாவது அவனை எட்டவேண்டுமன்றோ!

இதனாற் பாங்ஸின் ஆய்வேட்டைக் கையிலெடுத்து டானியலை ‘விளக்கிவிடலாம்’ என்று நாம் கூறவரவில்லை. அக்காலப் பிரித்தானியச் சமூக மானிடவியல், அமைப்பு எவ்வாறு நிலைபெறுகின்றது என்று கேட்பதிற் கைதேர்ந்தது. அது எங்கே விரிசலுறுகின்றது என்று கேட்பதில் அத்துணை ஆர்வங் காட்டவில்லை. நாவலாசிரியரோ விரிசலை உள்ளிருந்து கண்டவர். சொத்துக் கைமாறும் முறையை முன்னவரிடமிருந்தும், அம்முறையின் கீழ் வாழ்ந்தவனின் சினத்தைப் பின்னவரிடமிருந்தும் பெற்று, ஒன்றை மற்றொன்றால் உரைத்துப் பார்க்கும்போதே திறனாய்வு தொடங்குகின்றது. பிறதுறை ஆய்வேடுகளைப் படித்தால் இலக்கியம் கைநழுவிவிடும் என அஞ்சும் தூய இலக்கியவாதிகளுக்கு நாம் வேறு விடை கூறத் தேவையில்லை.

மட்டக்களப்பு நிலைமையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அப்பிரதேசத்து மரபுவழி நாடகங்களைச் சி. மௌனகுரு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கான கலாநிதிப்பட்ட ஆய்வேட்டில் விரிவாக ஆராய்ந்தார். அக்கரைப்பற்றிற் கள ஆய்வு நடத்திய டெனிஸ் மக்கில்வ்றே கிழக்கிலங்கைத் தமிழர், முஸ்லிம்களின் சாதி, குடி அமைப்புப் பற்றிய தமது ஆய்வேட்டை 1974 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்தார். அவ்வாய்வின் விரிந்த நூல்வடிவம் 2008 இலேயே வெளிவந்தது. கூத்து கோயிலோடும் ஊரோடும் பிணைந்த கலை. கோயில் நிருவாகமும் ஊர்மரியாதைகளும் குடிமுறையோடு பிணைந்தவை. ஆகவே கூத்தாய்வாளன் குடிபற்றிய ஆய்வேட்டைத் தேடியே ஆகவேண்டும். ஆனால் ‘குடி’ என்று தேடினால் அது அகப்படாது. தாய்வழிக் குலம் எனப் பொருள்படும் ஆங்கிலக் கலைச்சொல்லைக்கொண்டு தேடவேண்டும். தன் வீட்டுப் பொருளை அயலான் எப்பெயரிட்டு அழைக்கின்றான் என அறிந்தாலன்றி அதனை மீட்கவியலாத நிலை இது. மலையகத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சுட்டுவோம்: கோ. நடேசய்யரின் எழுத்துகளையும் மீனாட்சியம்மையின் பாடல்களையும் ஆராய்பவர்க்கு இன்றியமையாத பின்னணி, இலங்கைத் தொழிலாளர் இயக்கம் பற்றிக் குமாரி ஜயவர்த்தன இலண்டனில் 1964 இல் நிறைவுசெய்து 1972 இல் நூலாக்கிய ஆய்வேட்டில் உள்ளது. அதனை எந்தத் தமிழிலக்கிய அட்டவணையும் காட்டாது.

கண்டடையப்படாத ஆய்வேட்டினும் ஆபத்தானது, கண்டு வாசிக்கப்படாமல் மேற்கோளாக மட்டும் உலவும் ஆய்வேடு. இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள், யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம் ஆகியன பற்றிக் கா. இந்திரபாலா 1965 இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பரந்த நிலையான தமிழ்க் குடியேற்றங்களைப் பத்தாம் நூற்றாண்டையொட்டிய காலத்துக்கு முன் அக்காலத்துக் கிடைத்த சான்றுகள் காட்டவில்லை என்ற அதன் முடிவு, சான்றுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு அரசியல் வாதங்களில் ஆயுதமாக்கப்பட்டது. எதிர்த்தோரும் பெரும்பாலும் ஆய்வேட்டையன்றி அதுபற்றிய செய்தியையே எதிர்த்தனர். பின்வந்த தசாப்தங்களிற் பொம்பரிப்பு, ஆனைக்கோட்டை, அநுராதபுரம் ஆகிய இடங்களிற் கிடைத்த தொல்லியற் சான்றுகள் பிரச்சினையின் அடித்தளத்தையே மாற்றின. இந்திரபாலாவே 2005 இல் வெளியிட்ட நூலிற் குடியேற்றக் கோட்பாட்டை விட்டு, இத்தீவின் ஆதிமக்களிடையே நிகழ்ந்த மொழிமாற்றம், பண்பாட்டுக் கலப்பு என்னும் நோக்கில் தமிழரதும் சிங்களவரதும் இனத்துவ உருவாக்கத்தை விளக்கினார். நாற்பதாண்டு இடைவெளியில் ஆசிரியர் நகர்ந்துவிட்டார். மேற்கோள் காட்டுவோர் நகரவில்லை. ஆய்வேடு அச்சேறி விமரிசனத்துக்கும் மறுபதிப்புக்கும் உட்பட்டிருப்பின் இக்கேடு இவ்வளவு நீடித்திராது.

தேடுதற் கருவிகளின் உடைமை பற்றியும் சிறிது கூறவேண்டும். பேராதனை நூலகராகப் பணியாற்றிய எச். ஏ. ஐ. குணத்திலக்க 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை பற்றிய நூல்விவரப் பட்டியல் தனியொருவரின் வியத்தகு உழைப்பு. துறைகளைக் கடந்து தேடுவோர்க்கு அதனை விஞ்சிய துணை நெடுங்காலம் இருக்கவில்லை. ஆயினும் அது மேலைத்தேய மொழிகளில் வெளியானவற்றுக்கே உரியது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அமெரிக்க ஆய்வேடுகளின் நிலை வேறு. 1938 இல் யூஜின் பவர் ஆன் ஆர்பரில் தொடங்கிய நுண்படச்சுருள் நிறுவனம் அவற்றைத் திரட்டி விற்றது. 1962 இல் அதனைச் செறொக்ஸ் கூட்டுத்தாபனம் வாங்கிற்று. பல கைமாறிப் புறோகுவெஸ்ற் என்ற பெயரில் 2021 இல் கிளாரிவேற்றின் உடைமையாயிற்று. மாணவன் ஊதியமின்றியோ அற்ப உதவித்தொகையுடனோ உழைத்து எழுதியதும், எமது கிராமத்தவர் திண்ணையிலிருந்து தகவல் வழங்கி ஆக்குவித்ததுமான அறிவு, சந்தா செலுத்தும் பல்கலைக்கழகங்களுக்கு விற்கப்படும் பண்டமாகின்றது. தகவல் தந்தவரின் பேரப்பிள்ளை அதனை வாசிக்கப் பணங் கொடுக்கவேண்டும்.

இதற்கு மாறான முயற்சிகளும் உள. இந்தியப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2009 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை அடியொற்றி எழுந்த ‘சோத்கங்கா’ களஞ்சியம் பல இலட்சம் ஆய்வேடுகளைக் கட்டணமின்றித் திறந்துவைத்துள்ளது. ஆயினும் அங்கு தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்புகள் உரோம எழுத்தில், ஆளுக்கொரு விதமாகப் பெயர்த்தெழுதப்பட்டுள்ளன. ‘ஈழம்’ என்ற ஒரு சொல்லையே நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடவேண்டியுள்ளது. பிரித்தானிய நூலகம் 2009 இல் ஏற்படுத்திய ஆய்வேட்டுச் சேவை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டிருந்தது. 2023 ஒக்ரோபரில் அந்நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது அச்சேவையும் முடங்கிற்று. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்டவர்க்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம முயற்சி அவ்வனுபவத்தைக் கொண்ட சமூகத்திலிருந்தே எழுந்தது.

தேடுவோர் கவனிக்கவேண்டிய சிறு விடயமொன்றும் உண்டு. 1972 இன் குடியரசு அரசியலமைப்போடு நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறியது. ‘சிலோன்’ என்ற சொல்லைவிட்டு ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் தேடுபவர் அதற்கு முற்பட்ட ஆய்வேடுகளிற் பெரும்பகுதியை இழப்பர். ஒல்லாந்தர் கால ஆவணங்களிலும் அவற்றை அடியொற்றிய ஆய்வுகளிலும் ‘மலபாரிகள்’ எனப்படுவோர் தமிழரே.

எமது பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டியதைப் பொறுத்தவரை பெரும் பொருட்செலவின்றி ஆகக்கூடியது ஒன்றுண்டு. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்படும் ஆய்வேடுகள் அனைத்தையும், எப்பீடத்தவையாயினும், ஒரே பட்டியலிற் சேர்த்து, துறைப்பெயரோடு ஆய்வு நிகழ்ந்த ஊரின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவுசெய்யலாம். ஊர்ப்பெயரை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. வற்றாத ஆறொன்றுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, சுண்ணக்கற் பாறையிடையே உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரையே கிணறுகள் வாயிலாக நம்பியுள்ளது. அந்நீர் எவ்விடத்தில் நன்னீர், எவ்விடத்தில் உவர், எவ்வளவு இறைத்தாற் கெடும் என்பவற்றைப் புவியியல், விஞ்ஞான, விவசாய பீடங்களின் மாணவர்கள் ஆராய்கின்றனர். நல்ல தண்ணீர்க் கிணறு எவருடைய வளவில் இருந்தது, அதில் அள்ளும் உரிமை எவருக்கு மறுக்கப்பட்டது என்பதையே டானியல் 1987 இல் வெளிவந்த ‘தண்ணீர்’ நாவலின் பொருளாக்கினார். இரு திறத்தாரும் ஒரே கிணற்றையே நோக்குகின்றனர். இன்றுள்ள பட்டியல்களில் அவர்கள் சந்திப்பதற்கு வழியில்லை. ஊரின் பெயரிற் சந்திக்கலாம்.